நாலு மணிப் பசி

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். கவிதைத் தொகுப்புக்கு எழுதுகிறார்கள். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறார்கள். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறதே ஒரு பக்க ஜெராக்ஸ் காகிதம், அதற்கு மட்டும் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. 'டயட் சார்ட்' என்று பெயர். இந்த வாரம் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

என்னிடம் இருக்கும் பிரதி தாம்பரம் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கொடுத்தது. எந்த கிளினிக் என்பது வேண்டாம். உங்களிடம் இருப்பதும் ஏறக்குறைய இதேதான்.

முதலில் என் ஜாதகம். உயரம் 168 சென்டிமீட்டர். எடை 78 கிலோ. இடுப்பு 98 சென்டிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி 6.1. வெள்ளைக்காரன் கணக்குப்படி நான் 'கொஞ்சம் பூசினாற்போல' ஆசாமி. ஆனால் 2009ல் நம் மருத்துவர்கள் கூடி இந்தியர்களுக்கென்று தனிக் கணக்கு வகுத்துவிட்டார்கள். அதன்படி பி.எம்.ஐ. 25 வந்தாலே உடல் பருமன். இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. நான் எல்லாவற்றையும் தாண்டியிருந்தேன். ''சர்க்கரை வியாதி வீட்டு வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டிட்டிருக்கீங்க. உள்ளே போயிடாதீங்க. 5 கிலோ குறைங்க'' என்றார் டாக்டர். நர்ஸ் காகிதத்தை நீட்டினார்.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. சுருக்கமாகத் தமிழில் தருகிறேன்:

காலை 6 மணி - சர்க்கரை இல்லாத காபி. 8 மணி - இட்லி 2. 11 மணி - மோர். 1 மணி - சாதம் ஒரு கப், காய் அரை கப், ரசம். 4 மணி - மேரி பிஸ்கட் 2, டீ. இரவு 8 மணி - சப்பாத்தி 2, பருப்பு. படுக்கும்போது ஆடை எடுத்த பால்.

நடை கச்சிதம். ஒரு வினைச்சொல் கிடையாது. ஆனால் கதாநாயகன் யார், எந்த ஊர், என்ன வேலை, வயசு என்ன, ஒன்றும் இல்லை. முடிவும் இல்லை. சட்னி, எண்ணெய் எல்லாம் தாராளமாகச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். 1,200 கலோரியைத் தாண்டவில்லை.

பத்து நாள் தாக்குப்பிடித்தேன். மூன்று கிலோ இறங்கியது. (பெரும்பாலும் தண்ணீர் என்று பிற்பாடு தெரிந்தது.) பதினோராம் நாளிலிருந்து நாலு மணி வந்தது.

நாலு மணிப் பசி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மணிப் பசி மரியாதையானது. இலை போட்டால் அடங்கும். நாலு மணிப் பசி அப்படியில்லை. பேப்பர் படித்தால் விளம்பரத்தில் இருக்கும் பிரியாணி மட்டும் கண்ணில் படும். பேரன் தட்டில் மிச்சம் வைத்த முறுக்கை வீணாகக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தில் சாப்பிடுவோம். அந்த இரண்டு மேரி பிஸ்கட்டும் யானை வாயில் போட்ட கடலை.

மேரி பிஸ்கட் எப்படி மருந்துச் சீட்டில் ஏறியது என்பதே ஆராய வேண்டிய விஷயம். 1874ல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் விக்டோரியா ராணியின் மகனுக்கும் நடந்த கல்யாணத்தைக் கொண்டாட லண்டனில் ஒரு கம்பெனி செய்தது அது. மைதா, சர்க்கரை, எண்ணெய். கல்யாண பட்சணம், சார். அது எப்படியோ கடல் தாண்டி வந்து, காய்ச்சல்காரர்கள் வழியாகச் சர்க்கரைக்காரர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது.

*

மனசை மாற்ற நடக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனேன். நான் பார்த்த கோவளம் இப்போது நிறைய மாறிவிட்டது. அலைச்சறுக்குப் பையன்கள் பலகையோடு போகிறார்கள். 2021ல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்து, ஒரு பகுதி சுத்தமாக வேலி போட்டு இருக்கிறது. மாறாதது தர்காவும் மாதா கோயிலும், மணலில் ஏற்றி வைத்த படகுகளும்.

படகு நிழலில் உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது. இந்தச் சின்ன ஊரில் பசியைக் கையாள எத்தனை பேருக்குப் பழக்கம்! ஒரு பக்கம் ரமலான். ஒரு பக்கம் தவக்காலம். அம்மன் கோயில்காரர்களுக்கு ஆடி மாத விரதம். ஆனால் நோன்புக்குக் கஞ்சி உண்டு. தவக்காலத்துக்கு ஈஸ்டர் உண்டு. ஆடிக்குக் கூழ் உண்டு. பசிக்கு ஓர் ஆரம்பமும் முடிவும், கூடவே பசித்திருக்க நாலு பேரும் இருக்கிறார்கள். என் சார்ட்டில் முடிவுத் தேதியே இல்லை. அதைத் தனியாக வேறு அனுபவிக்க வேண்டும்.

மணி நாலு. பத்தடி தூரத்தில் ஒரு தள்ளுவண்டி. எண்ணெய்ச் சட்டியில் உருளைக்கிழங்கு பஜ்ஜி மிதக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு வண்டியில் தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல். நான் எழுந்து பஜ்ஜி பக்கம் போய், திரும்பி, மறுபடி போனேன். கடைக்கார அம்மா ஜல்லிக்கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: ''என்ன சார், சுகரா?''

''எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?''

''சுகர்காரங்கதான் மூணு வாட்டி வந்து பாத்துட்டு, நாலாவது வாட்டி நாலா வாங்குவாங்க.''

எந்தப் பல்கலைக்கழகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. இந்த அம்மாவிடம் பிறகு வருகிறேன். அதற்கு முன் 'நாலா' வாங்குவது ஏன் என்று பார்த்துவிடலாம். நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கன்ட்ரோல் இல்லை' என்பது. சார்ட் எழுதியவரும் அப்படித்தான் நினைக்கிறார்.

1944 நவம்பரில் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மறுத்தவர்கள். கட்டுப்பாட்டில் நம்மை எல்லாம் தூக்கிச் சாப்பிடக்கூடியவர்கள். போரால் பட்டினி கிடந்த ஐரோப்பியர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிப்பதற்காக, தாங்களாகவே பட்டினிக்கு முன்வந்தார்கள். 24 வாரம், நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடை. உடல் எடையில் கால்வாசி போயிற்று. அது எதிர்பார்த்தது. எதிர்பாராதது என்னவென்றால், அந்த லட்சியவாதிகள் சமையல் புத்தகம் சேகரிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். கனவெல்லாம் சாப்பாடு. பட்டினி முடிந்து வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பல பேருக்குப் பசி அடங்கவில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது 1,570. எனக்குக் கொடுத்தது 1,200. அவர்கள் ஒல்லி இளைஞர்கள், நான் தொப்பையுள்ள ரிட்டயர்டு என்ற வித்தியாசம் உண்டு. ஆனாலும் பேரன் தட்டு முறுக்குக்காக நான் இனி வெட்கப்படுவதாக இல்லை.

*

பசியை வியாதி என்று புரிந்துகொண்ட முதல் ஆட்கள் நாமாகக்கூட இருக்கலாம். மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒரு வித்யாதரப் பெண் வருவாள். ஒரு முனிவர் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு நாவல் பழம் சாப்பிடுகிறவர். உலகத்திலேயே நீளமான 'இரண்டு வேளைக்கு நடுவே'! குளித்துவிட்டு வருவதற்குள் பழத்தை இவள் காலால் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு வருஷப் பசியோடு இருப்பவரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியுமா? சாபம். எவ்வளவு தின்றாலும் தீராத பசி. 'யானைத்தீ' என்று அந்த நோய்க்குப் பெயரே வைத்திருக்கிறார் சாத்தனார். புகார் நகரில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி கொடுத்ததும் அடங்குகிறது.

கவனியுங்கள், 'தீனிப்பண்டாரம்' என்று அவளை யாரும் திட்டவில்லை. மருந்து கொடுக்கிறார்கள்.

1997ல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்களிடம் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். பிறந்ததிலிருந்து அடங்காத பசி, தாங்க முடியாத எடை. சோதித்தால் உடம்பில் லெப்டின் என்ற ஹார்மோன் உருவாகவே இல்லை. கொழுப்பிலிருந்து மூளைக்குப் போய் 'கையிருப்பு போதும்' என்று சொல்கிற தபால்காரர் அது. பிறகு லெப்டினை ஊசியாகப் போட்டதும் சில நாட்களில் பசி அடங்கியது. அமுதசுரபிதான்.

உங்களுக்கும் எனக்கும் லெப்டின் இருக்கிறது. ஆனால் எடை குறையும்போது அதுவும் குறைகிறது. வயிற்றில் சுரக்கிற கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. 2011ல் மெல்பர்னில் பத்து வாரக் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களை ஒரு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். பசி ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிலோ குறைந்ததை உடம்பு வெற்றியாகப் பார்ப்பதில்லை. திருட்டுப் போனதாகப் பார்க்கிறது. போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது.

இந்தப் பசியை அடக்கும் ஊசிகள் 2025ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டன. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நன்றாகவே வேலை செய்கின்றன. வந்த புதிதில் விலையும் அப்படியே இருந்தது. செமாகுளூட்டைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்தில் திரும்பியதாக 2022ல் ஓர் ஆய்வு வந்தது. கன்ட்ரோல் மட்டுமே விஷயம் என்றால் ஓர் ஊசியால் கன்ட்ரோல் வருமா, போகுமா?

*

சரி, நாலு மணிக்கு என்னதான் செய்வது?

'ரெண்டு மணிக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்க, வளர்சிதை மாற்றம் சுறுசுறுப்பாகும்' என்று ஒரு கட்சி. மொத்த அளவு ஒன்றாக இருந்தால், மூன்று வேளையாகச் சாப்பிட்டாலும் ஆறாகப் பிரித்தாலும் எரிகிற கலோரி ஏறக்குறைய அதேதான். 2013ல் அமெரிக்காவில் கொலராடோவில் செய்த ஒரு சிறிய ஆய்வில், ஆறாகப் பிரித்தவர்களுக்குப் பசி அதிகமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினால் நொறுக்குத்தீனிக் கம்பெனிக்குத்தான் லாபம்.

என் சொந்த அனுபவமும் படித்ததும் சேர்ந்து சொல்வது இதுதான்: நாலு மணிப் பசி நாலு மணிக்குப் பிறப்பதில்லை. ஒரு மணிக்குப் பிறக்கிறது. சார்ட்டில் மறுபடி பாருங்கள். சாதம் ஒரு கப், காய் அரை கப், ரசம். புரதம் எங்கே? நாரெங்கே? சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025ல் வெளியானது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவிகிதம்தான் என்கிறது. எடை குறைக்கிறேன் என்று நாம் தட்டைச் சின்னதாக்குகிறோம். தட்டுக்குள் இருக்கும் விகிதத்தை மாற்றுவதில்லை.

1995ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரிக்குச் சமமாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் யாருக்கு எவ்வளவு பசிக்கிறது என்று மார்க் போட்டார். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், முதல் ரேங்க் அவித்த உருளைக்கிழங்கு: 323. அதே கிழங்கை எண்ணெயில் பொரித்து ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் ஆக்கினால் 116. சிப்ஸாக்கினால் 91. கிழங்கு குற்றவாளி இல்லை, சட்டிதான். இரண்டாவது ரேங்க் மீன்: 225. ஆரஞ்சு 202. பிஸ்கட் 120. சின்ன ஆய்வுதான், வேதவாக்கு அல்ல. ஆனால் மீன் ஊரில் உட்கார்ந்து மேரி பிஸ்கட் தின்னச் சொல்வது என்ன நியாயம்?

நான் என் சார்ட்டில் செய்த திருத்தம் இதுதான்: மதியம் சாதம் அரை கப், காய் ஒன்றரை கப். ரசத்துக்கு முன் கெட்டியாகப் பருப்பு, அல்லது முட்டை, அல்லது குழம்பு மீன். வறுவல் மாதம் ஒருமுறை, குற்றவுணர்ச்சி இல்லாமல். நாலு மணிக்கு மேரி பிஸ்கட் அடித்து, சுண்டல். அந்தக் கடற்கரையிலேயே, பஜ்ஜி வண்டிக்குப் பக்கத்திலேயே, நூறு வருஷ ஞானம் பொட்டலத்தில் விற்றுக்கொண்டிருக்கிறது. நாம்தான் லண்டன் பிஸ்கட்டைத் தேடுகிறோம்.

இன்னொன்று. பசி ஏறிக்கொண்டே போகும், போய் வெடிக்கும் என்று நினைக்கிறோம். கிரெலின் வழக்கமான சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஏறி, பிறகு தானாகவே இறங்கவும் செய்யும். ஒரு டம்ளர் மோர், பத்து நிமிஷம் நடை, அதற்குள் பாதி வடிந்துவிடும். வடியாவிட்டால் அது நிஜப் பசி. சாப்பிடுங்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கு: 2004ல் சிகாகோவில் இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதில் கிரெலின் 28 சதவிகிதம் ஏறியது, லெப்டின் 18 சதவிகிதம் இறங்கியது. உங்கள் நடுராத்திரிப் பசியில் பாதி தூக்கமாக இருக்கலாம்.

*

இப்போது பஜ்ஜி அம்மா.

சுண்டல் வாங்கிக்கொண்டு வந்து அவர் வண்டியோரமாகத்தான் நின்றேன். கூட்டம் குறைந்ததும் அவரே சொன்னார். அவருக்கும் சுகர். ஆறு வருஷமாக. மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில். ''உடம்பைக் குறைக்கணும்னு சொன்னாங்க சார். அதான் காலைல மாத்திரையைப் போட்டுட்டு, ஒரு டீயோட கடைக்கு வந்துடறேன். மத்தியானம் சாப்பிடறதில்ல. நாலு மணி ஆனா கை கால் வெடவெடன்னு வரும். வேத்துக் கொட்டும். பசிதானே, பொறுத்துக்கலாம்னு அடுப்பைப் புடிச்சிட்டு நிப்பேன்.''

எனக்குச் சுண்டல் இறங்கவில்லை.

அது நாலு மணிப் பசி இல்லை. பொறுத்துக்கொள்கிற விஷயமே இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழும். படபடப்பு, நடுக்கம், வியர்வை, கண் மங்கல், கடைசியில் மயக்கம். அதுவும் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்.

''உங்களுக்குச் சார்ட் எதுவும் கொடுக்கலையாம்மா?''

பணம் வைக்கும் டப்பாவின் அடியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். வேறொரு இடத்தில் கொடுத்தது. எண்ணெய்க் கறை. ஆனால் பழகிய முகம். இட்லி 2. மோர். சாதம் ஒரு கப். மேரி பிஸ்கட் 2. மாத்திரை போடாத, நாற்காலியை விட்டு எழாத எனக்கும், மாத்திரை போட்டுக்கொண்டு நாள் முழுக்க நெருப்பில் நிற்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே சாப்பாடு. முழுக்க இங்கிலீஷில்.

''இத யாராச்சும் படிச்சுச் சொல்வாங்கன்னு வெச்சிருக்கேன் சார்'' என்றார்.

என் விமர்சனம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. பசி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஒருவருக்கு அது பழக்கம், ஒருவருக்கு அரைகுறை மதியச் சாப்பாடு, ஒருவருக்குத் தூக்கமின்மை, ஒருவருக்கு ஆபத்து. யாருடைய பசி என்று கேட்காத காகிதம் எத்தனை ஜெராக்ஸ் எடுத்தாலும் வைத்தியம் ஆகாது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சர்க்கரையின் வாசலில் நிற்கும் என்னைப் போன்றவர்கள் 531 பேர், மூன்று வருஷம். உணவை மாற்றி, நடக்க வைத்ததில், வியாதிக்குள் போவது 28.5 சதவிகிதம் குறைந்தது. இத்தனைக்கும் எடை பெரிதாகக் குறையவில்லை. உத்தரவு போட்டு அனுப்பிவிடவில்லை; தொடர்ந்து கூப்பிட்டுப் பேசினார்கள். எடை மெஷின் அசையாவிட்டாலும் பட்ட பாடு வீணில்லை. வருத்திக்கொள்வதும் தேவையில்லை.

அம்மாவின் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும். கை நடுங்கினால், வேர்த்தால், உடனே 3 ஸ்பூன் சர்க்கரை தண்ணீரில். 15 நிமிஷத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. பிறகு சாப்பாடு. மயக்கமானவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். இந்த வாரமே டாக்டரிடம் நடுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.'

எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார். டப்பாவுக்கு அடியில் வைக்கவில்லை. எண்ணெய் தெறிக்காத இடமாகப் பார்த்து, வண்டியின் கம்பியில் செருகினார். சர்க்கரை டப்பா எங்கே என்று பக்கத்து டீக்கடைப் பையனிடம் கேட்டு வைத்துக்கொண்டார்.

உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறதே, அதையும் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். வீட்டில் அதைப் படிக்க முடியாதவர் யாராவது இருந்தால், பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும்.